உள்ளே எல்லாம் தெரியுது, திறக்கத்தான் ஆளில்லை

2025-ல நம்ம டைட்டன் கம்பெனி ஒரு டூர்பியான் வாட்ச் விட்டாங்க. பேரு ஜல்சா. விலை 40 லட்சத்துக்கு மேல, மொத்தமே 10 பீஸ்தான். (நம்ம ஊர்ல 'ஜல்சா'ன்னா என்ன அர்த்தம்னு பேர் வெச்சவங்ககிட்ட யாரும் சொல்லலை போல. ஹிஹி.) டைட்டன்னா டாட்டான்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். 1984-ல அதை டாட்டாவோட கூட்டு சேர்ந்து ஆரம்பிச்சது தமிழ்நாடு அரசோட டிட்கோ. ஃபேக்டரி ஓசூர்ல. அதனால இந்த விஷயத்துல கருத்து சொல்ல எனக்கும் உங்களுக்கும் முழு உரிமை உண்டுங்கிற தைரியத்துல ஆரம்பிக்கிறேன்.

டூர்பியான்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக. சாவி கொடுக்கிற வாட்ச்சுக்குள்ள ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கும், அதுதான் பேலன்ஸ் வீல். அதைத் திருப்பி இழுக்கிறது தலைமுடி மாதிரி ஒரு சுருள், ஹேர் ஸ்பிரிங். வாட்ச் படுத்திருந்தா ஒரு வேகம், நிமிர்ந்து நின்னா வேற வேகம். காரணம் புவியீர்ப்பு. அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க பாக்கெட்டுல வாட்ச் நாள் முழுக்க நின்ன வாக்குலயே கிடந்ததால, தப்பு ஒரே பக்கமா சேர்ந்துக்கிட்டே போச்சு. பாரிஸ்ல கடை வெச்சிருந்த ஆப்ரஹாம் லூயி பிரெகே என்ன பண்ணாருன்னா, பேலன்ஸ் வீல், எஸ்கேப்மென்ட் எல்லாத்தையும் ஒரு கூண்டுக்குள்ள போட்டு, அந்தக் கூண்டையே சுத்த விட்டுட்டார். 1801-ல காப்புரிமை. இப்ப வர்ற வாட்ச்கள்ல அந்தக் கூண்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு ஒரு சுத்து. கவனிக்கணும், தப்பை அவர் நீக்கலை. எல்லாத் திசைக்கும் சமமா பங்கு போட்டு ஒண்ணுக்கொண்ணு கழிச்சு விட்டார். நம்ம தொழில்ல சர்வருக்கெல்லாம் முறை வெச்சு வேலையைப் பிரிச்சு விடுவோமே, கிட்டத்தட்ட அதேதான்.

ஸ்கெலிட்டன்ங்கிறது அடுத்த கட்டம். டயல், தகடு, பாலம்னு எங்கெல்லாம் உலோகம் இல்லாம தாங்குமோ அங்கெல்லாம் வெட்டி எடுத்துட்டு எலும்புக்கூடா விடறது. பார்த்தா அந்தப் பக்கம் உங்க கை ரோமமே தெரியும். (ஜல்சா அந்த வகை இல்லை. அதுல டயல் பளிங்குக்கல், மேல ஓவியம்.)

இந்த இடத்துல தூத்துக்குடி வருது. கப்பல்ல நேரம்னா இடம்னு அர்த்தம். பூமி 4 விநாடியில தீர்க்கரேகைக் கணக்குல ஒரு கலை திரும்புது. நம்ம கடல் பூமத்தியரேகைக்குப் பக்கம்கிறதால அது கிட்டத்தட்ட ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். கடிகாரம் ஒரு நாளைக்கு 5 விநாடி தப்புனா, 10 நாள் கழிச்சு கப்பல் இருக்கிறதா நீங்க நினைக்கிற இடமும் நிஜமா இருக்கிற இடமும் 12 கடல் மைல் தள்ளிப் போயிரும். மன்னார் வளைகுடாவுல பவளப்பாறையும் தீவும் இருக்கிற பக்கம் 12 மைல் தப்புனா கப்பல் காலி. (நம்மூர்த் தோணிக்காரங்க நட்சத்திரத்தையும் காத்தையும் வெச்சே கொழும்புக்குப் போய் வந்தது தனிக்கதை.) சரி, உயிர் போற இந்த வேலைக்குக் கப்பல்காரன் டூர்பியானையா நம்பினான்? பெரும்பாலும் இல்லை. குரோனோமீட்டரை ஒரு பெட்டியில ரெண்டு வளையத்துக்குள்ள தொங்க விட்டான். கப்பல் எப்படிச் சாஞ்சாலும் கடிகாரம் படுத்த வாக்குலயே இருக்கும். பிரச்சினை தீர்ந்தது. கூண்டு வேண்டாம், 40 லட்சமும் வேண்டாம்.

கைக்கடிகாரத்துல கூண்டுக்கு வேலை இன்னும் கம்மி. கை எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கு, திசை தானா மாறுது. அப்படியே பிரயோஜனமில்லைன்னும் சொல்லிட முடியாது, 2009-ல சுவிட்சர்லாந்துல நடந்த துல்லியப் போட்டியில முதல் பரிசு வாங்கினது ஜெஜேர் லெகூல்த்ர் கம்பெனியோட டூர்பியான்தான். ஆனா அந்தப் போட்டிக்கு வந்தது எல்லாமே சாவி கொடுக்கிற ஜாதி. கடையில ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிற கேஸியோ எஃப்-91டபிள்யூ மாசத்துக்கு 30 விநாடிதான் தப்பும்னு கம்பெனியே சொல்லுது. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கின வாட்ச் ஒரு நாளைக்கே 6 விநாடி வரைக்கும் வேகமா ஓடலாம். குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிருது. 2-ஐ 15 தடவை பெருக்கினா வர்ற எண். 15 தடவை பாதியாக்கினா ஒரு விநாடி. இதைவிட அழகான டிசைனை எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் பண்ணதில்லை.

அப்ப 40 லட்சம் எதுக்கு? வேலைப்பாட்டுக்குன்னு சொல்வாங்க. ஒத்துக்கறேன். நிறைய டூர்பியான் கூண்டு ஒரு கிராம் எடைகூட இருக்காது. அதுக்குள்ள பத்துக்கணக்குல பாகங்கள். வெட்டி எடுத்த ஒவ்வொரு விளிம்பையும் சரிவா இழைச்சு மெருகேத்தணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மெஷின்ல சுத்துற டூல் உருண்டையானது, அதனால அது வெட்டுற உள்மூலை எப்பவும் கொஞ்சம் வளைவாத்தான் வரும். கத்தி மாதிரி கூரா, பளபளன்னு ஒரு உள்மூலை இருந்தா அங்க ஒரு மனுஷன் அரத்தையும் மரக்குச்சியையும் வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கான்னு அர்த்தம். லட்சக்கணக்குல விலை சொல்ற எத்தனையோ ஸ்கெலிட்டன்ல அந்த மூலை உருண்டையாத்தான் இருக்கு. படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க, தெரிஞ்சிரும்.

முத்து கதையும் இதேதான். ஜப்பான்ல மிக்கிமோட்டோ 1893-ல வளர்ப்பு முத்து எடுத்தார். தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்துல நம்மாளுங்க 1973-ல எடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே, 1961-ஓட, நம்ம கடல்ல முத்துக்குளிப்பு நின்னு போச்சு. கல்லைக் கட்டி இறங்கி ஒரு மூச்சுல, சுமாரா டூர்பியான் ஒரு சுத்து சுத்துற நேரத்துல, சிப்பி அள்ளிட்டு வந்த வித்தை முத்துக்கு உதவாம போச்சு. அது கொஞ்சநஞ்சம் பிழைச்சது சங்கு குளிக்கிற இடத்துலதான்.

இப்ப என் நிஜமான புகாருக்கு வர்றேன். தூத்துக்குடியில எனக்குத் தெரிஞ்ச ஒரு வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி, வயசு எழுபதுக்கு மேல. ஒரு தடவை அவர்கிட்ட போன்ல ஒரு ஸ்கெலிட்டன் டூர்பியான் வீடியோ காட்டினேன். கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு போனையே உத்துப் பார்த்தார். "நல்லாத்தாம்யா இருக்கு. இது நின்னு போச்சுன்னா யாருட்ட குடுப்பாவ?" அப்படின்னார். கம்பெனிக்கே அனுப்பணும் அண்ணாச்சின்னேன். "அப்பம் உள்ள தெரிஞ்சு என்னத்துக்கு?"

ஆடிப்போயிட்டேன். பெரிய பிராண்டுகள்ல பல பேர் உதிரி பாகத்தை வெளி ஆளுக்குத் தர்றதே கிடையாது. அதாவது எல்லாத்தையும் கண்ணாடி போட்டுக் காட்டுவான், ஒரு திருகைக்கூட தொட விடமாட்டான். வெளிப்படைன்னா இதுதான்னு நம்மளை நம்ப வைக்கிறது செம வித்தை. இதுக்கு நேர் எதிர் ஹெச்எம்டி ஜனதா. பின்னாடி ஸ்டீல் மூடி, ஒரு மண்ணும் தெரியாது. ஆனா சின்ன ஊர் பஜார்ல டேபிள் போட்டு உட்கார்ந்திருக்கிற யாரும் அதைத் திறந்து, கழுவி, எண்ணெய் விட்டு, சாயந்திரம் கையில கொடுத்துருவாங்க. என்னைக் கேட்டா ஜனதாதான் ஓப்பன் சோர்ஸ்; ஸ்கெலிட்டன் வெறும் ஸ்கிரீன்ஷாட். ஹெச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தப்ப நாம எல்லாரும் நாலு நாள் ஃபேஸ்புக்ல அழுதுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டோம்.

ஓசூர்க்காரங்களுக்குத் திறமை இல்லைன்னு சொல்ல வரலை. 2002-லயே 1.15 மில்லிமீட்டர் தடிமன்ல இயந்திரம் பண்ணி எட்ஜ் வாட்ச் விட்டவங்க. இந்த டூர்பியானும் நம்மூர்ல பண்ணது, எனக்கு நிஜமாவே பெருமைதான். 10 பேர் வாங்கட்டும், சந்தோஷமா கட்டட்டும். ஆனா அதே கை ஒரு சாவி கொடுக்கிற வாட்ச்சும் பண்ணட்டும். நாலாயிரம் ரூபாய்க்குள்ள. ஹேர் ஸ்பிரிங், மெயின் ஸ்பிரிங், பேலன்ஸ் எல்லாம் கடையில தனித்தனியா கிடைக்கணும், வரைபடம் யார் கேட்டாலும் கொடுக்கணும். லாபம் வராதுன்னு எம்பிஏ படிச்ச பதிவர்கள் பின்னூட்டத்துல கும்முவீங்க, தெரியும். 10 பீஸ் விக்கிறதும் லாபத்துக்கு இல்லையே சாமி, கௌரவத்துக்குத்தானே.

அண்ணாச்சி கடைக்கு இப்ப வர்றதுல பாதிக்கு மேல செல் மாத்துற கேஸ். அவர் மகன் துறைமுகத்துல கன்டெய்னர் வேலைக்குப் போறார். தொழில் கத்துக்க யாரும் வரலையான்னு கேட்டேன். ஒரு பையன் ஆறு மாசம் வந்தானாம், இப்ப செல்போன் கடை வெச்சிருக்கானாம். அதைச் சொல்றப்ப அவருக்கு வருத்தமெல்லாம் இல்லை, நல்லா சம்பாதிக்கான்னுதான் சொன்னார்.

மதுரை, நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம் இன்னும் ஹேர் ஸ்பிரிங் வளைவு எடுக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா, தெருப் பேரோட பின்னூட்டத்துல போடுங்க மக்கா. மாவட்ட வாரியா ஒரு பட்டியல் போட்டுருவோம்.