அந்த அரை கிலோமீட்டர்

வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் பாதை மொத்தமே 5 கிலோமீட்டர்தான். வேலை ஆரம்பித்தது 2008-ல். நாலரை கிலோமீட்டருக்குத் தூண், பாலம் எல்லாம் எழும்பிடுச்சு. ஆதம்பாக்கம் பக்கம் மீதி அரை கிலோமீட்டர்? நில வழக்கில் பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே நின்னுச்சு.

நாம பரீட்சையில் கிரிட்டிக்கல் பாத் வரையும்போது, முதல் வேலை மண் தோண்டுவது. நிஜத்தில் முதல் வேலை நிலம். அது முழுசா கைக்கு வராமல் டெண்டர் விடவே கூடாதுங்கிறது என் கருத்து.

"அதுவரை காத்திருந்தா லேட் ஆகுமே"ன்னு கேட்கலாம். நாலரை கிலோமீட்டர் கட்டிட்டுக் காத்திருந்தது மட்டும் சீக்கிரமா? டிக்கெட் வருமானம் இல்லாமல் நின்ற பாலம் அது.

வீட்டை இழக்கிறவங்களோட முதல்லயே உட்கார்ந்து பேசி, நியாயமான இழப்பீடு கொடுப்பதும் இன்ஜினியரிங்தான் மக்களே. முக்கால்வாசிப் பாலத்தில் ரயில் ஓடாது!