தோணியில் வந்த குடி

வீட்டையும் நிலத்தையும் நகையையும் பிள்ளைகளுக்கு வைத்துச் செல்வோர் பலர். எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத சொத்துக்களும் சில உண்டு. சமையற் பக்குவமும், தையற் கைத்திறனும், பாடும் குரலும் அவ்வாறே வழிவழி வருகின்றன. சிறு படகைச் செலுத்தும் ஆசையும் அத்தகைய சொத்துக்களுள் ஒன்றாகும்.

வட இலங்கையின் வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்வோம். பாய்க்கப்பல்கள் ஓடிய அந்நாளில், அவ்வூரில் தந்தை கப்பல் கட்டினால் மைந்தன் உளி பிடிப்பான்; தந்தை தண்டையலாயின் மைந்தன் பாய்க்கயிறு பிடிப்பான். ஏட்டுப் படிப்பால் வந்த கலையன்று அது. அவ்வூரார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் 89 அடி நீளக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவரோ 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகொன்றில் உலகை வலம் வந்தவர். படகின் தரம் அறிந்தவர். வல்வை மாலுமிகள் பணிபுரிய, அக்கப்பல் சூயஸ் கால்வாயையும் அத்திலாந்திக் மாகடலையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வழிவழி வந்த கைப்பழக்கத்துக்கு இதனினும் நற்சாட்சி வேண்டுமோ?

"கடலோரத்தாருக்கு அது சரி; தேயிலை மலைக்கும் படகுக்கும் என்ன உறவு?" என்று மலைநாட்டு வாசகர்கள் வினவக்கூடும். உறவு உண்டு. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்குமுன், நம் முன்னோருட் பலர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டுவழி நடந்து கண்டிச் சீமையை அடைந்தனர். ஆயினும், அவர்கள் தோணியைச் செலுத்தி வந்தவர்களல்லர். அதில் நெருக்குண்டு வந்த உழவர் குடியினர். அவர்களுக்குக் கடல் அச்சம் தந்திருக்குமேயன்றி ஆசை தந்திருக்காது.

பின்னர் நீர் நம்மைத் தேடி மலைக்கே வந்தது. நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைந்த வாவி, துரைமாரின் உல்லாசத்துக்கு உரியதாயிருந்தது. 1965இல் காசல்ரீயும் 1969இல் மவுசாகலையும் மின்னுற்பத்திக்காக அணைகட்டித் தேக்கப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. நீர் வற்றுங்காலத்தில் அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. தாம் நடந்த கடைவீதியை விழுங்கிய நீரைப் பெரியோர் நேசிக்கவில்லையெனின், அவர்களைக் குறைகூற எவருக்கு மனம் வரும்?

ஆனால், அந்நீர்க்கரை லயத்திலேயே பிறந்து வளரும் பிள்ளைக்கு, "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்ற ஒரு சொல் போதுமா? தடை மட்டும் விதித்தால் பிள்ளை களவாக நீரில் இறங்கும். காப்பது அச்சமன்று, அறிவே. ஆண், பெண் என்ற பேதமின்றி முதலில் நீச்சலைக் கற்பிக்க வேண்டும், பின்பு துடுப்பு, அதன்பின் பாய். படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவை அங்கி அணிதல் வேண்டும். அளவுக்கு மேல் ஒருவரையும் ஏற்றலாகாது. மலையிடுக்கிலிருந்து பாயும் காற்று திடீரெனத் திசைமாறும் இயல்புடையது. நீர்ப்பரப்பில் கருஞ்சுருக்கமொன்று ஓடிவரக் கண்டால், உடனே பாய்க்கயிற்றைத் தளர்த்த வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் அருகிலிருந்து காட்டினாலன்றிக் கற்க இயலாது.

காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்மரப் படகும் செல்லாது. அதனைப் பக்கவாட்டில் வாங்கி, சிறிது வலமும் சிறிது இடமுமாகத் திரும்பித் திரும்பியே முன்னேற வேண்டும். எதிர்க்காற்றிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இவ்வித்தை புதிதன்று!

காசல்ரீயை நிரப்பும் கெசல்கமு ஓயாவும், மவுசாகலையை நிரப்பும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலை அடைகின்றன. முன்னோர் அஞ்சிக் கடந்த கடலுக்கே நம் வாசல் நீர் செல்கிறது. அந்நீரின்மேல் ஒரு சிறு படகைப் பத்திரமாகச் செலுத்த அறிந்த பிள்ளை, வீட்டுக்கு ஒன்றாவது வளரட்டும். அப்பிள்ளை நாளை தன் பிள்ளைக்குக் கற்பிக்கும்.