திரையில் ஊதுகிறவன் ஒருவன், கல்லா கட்டுகிறவன் வேறொருவன்!

“சினிமாவில் எத்தனை சிகரெட் பிடிக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருக்கவா சங்கம்?” என்று கேட்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். போனஸ் தகராறு இருக்கிறது, கூலி பாக்கி இருக்கிறது, இதில் நடிகன் விடுகிற புகையை எண்ணி என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் வாதம்.

எண்ணத்தான் வேண்டும் தோழர்களே! ஆனால் ஆளவந்தார்கள் எண்ணுகிற மாதிரி எண்ணினால் பிரயோஜனமில்லை.

அவர்கள் செய்ததென்ன? 2003-ல் புகையிலைச் சட்டம் போட்டார்கள். விளம்பரத்துக்குத் தடை என்றார்கள். அதே வருஷம் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக இந்திப் படங்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நாலில் மூன்று படத்தில் புகையிலை இருந்தது. தெருவில் தடுத்த விளம்பரம் திரையில் நடமாடியது! 2005-ல் மத்திய சுகாதார மந்திரியாக இருந்த அன்புமணி ராமதாஸ் புகைக்கும் காட்சியே கூடாது என்று உத்தரவு போட்டார். சினிமாக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கலைஞனின் சுதந்திரம் பறிபோகிறதாம்! 2009 ஜனவரியில் டில்லி ஐகோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. பிறகு 2012 அக்டோபர் 2 முதல் புது விதி. படம் தொடங்கும்போதும் நடுவிலும் 30 வினாடி எச்சரிக்கைப் படம். புகைக்கும் காட்சியில் திரைக்கு அடியில் ஒரு வரி. 2023 செப்டம்பரிலிருந்து செல்போனில் பார்க்கிற ஓடிடி படங்களுக்கும் இப்படிப்பட்ட விதி வந்துவிட்டது.

ஒரு வரி! மேலே கதாநாயகன் புகை விடுகிறான், விசில் பறக்கிறது. கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நம் விவசாயத் தொழிலாளி அதை முடிப்பதற்குள் வில்லன் அடிபட்டுக் கிடக்கிறான்.

அந்த 30 வினாடிப் படங்களைக் கவனித்தீர்களா? நெடுங்காலம் ஓடிய ஒன்றில் வாய்ப்புற்று வந்த ஓர் ஏழை இளைஞன், வயது 24, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தான். பார்த்தவர் மனம் பதறியது, உண்மை. ஆனால் கேளுங்கள்: சாகிறவன் முகத்தைக் காட்டிய சர்க்கார், அந்தச் சரக்கை விற்றவன் முகத்தை ஒரு வினாடி காட்டியதுண்டா? ஸ்டைலுக்குப் பணக்காரக் கதாநாயகன், புற்றுநோய்க்கு ஏழை. பாத்திரத் தேர்வு நன்றாயிருக்கிறது!

தமிழ்நாட்டிலும் சண்டை நடிகனோடு நின்றுவிட்டது. ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தது 1976-ல் வந்த ‘மூன்று முடிச்சு’ காலத்திலேயே. அதைக் கண்ணாடி முன் நின்று பழகாத பையன் அன்று எந்தத் தெருவில் இருந்தான்? 2002-ல் ‘பாபா’ வந்தபோது பாட்டாளி மக்கள் கட்சி எதிர்த்தது, கலாட்டா நடந்தது. 2018-ல் விஜய் வாயில் சிகரெட்டோடு ஒரு விளம்பரப் படம் வந்தது. சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டது, படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த சினிமாவின் பெயரே ‘சர்க்கார்’ என்பது தனி வேடிக்கை. இத்தனை அமளியிலும் சிகரெட் கம்பெனியின் பெயர் எங்கே அடிபட்டது?

அந்தப் பெயரைத் தேடி ஹாலிவுட்டுக்குப் போவோம். 1983-ல் சில்வஸ்டர் ஸ்டாலன் என்ற நடிகர் ஒரு கடிதம் எழுதினார். பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் புகையிலைச் சரக்கை ஐந்து படங்களுக்குக் குறையாமல் பயன்படுத்துவேன், அதற்கு 5 லட்சம் டாலர் என்பது அதில் கண்ட சங்கதி. கம்பெனியின் ரகசியக் காகிதங்கள் 1990-களில் அம்பலமானபோது கடிதமும் வெளியே வந்தது. கலைஞனின் சுதந்திரம் என்ன விலைக்குப் போகிறது பார்த்தீர்களா?

அந்தக் கம்பெனி யாருடையது? பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தமாக இருந்தது. அதே லண்டன் முதலாளிதான் இன்று நம் நாட்டுச் சிகரெட் ராஜா ஐ.டி.சி.யின் மிகப் பெரிய பங்குதாரர். 1910-ல் இம்பீரியல் டொபாக்கோ என்று கல்கத்தாவில் கடை விரித்த கம்பெனிதான் அது. வெள்ளைக்காரன் போனான், பெயர்ப் பலகை மாறியது, பங்கு போகவில்லை. அதோடு சேர்த்து எல்.ஐ.சி. கையில் சுமார் 15 சதவீதப் பங்கு இருக்கிறது. எல்.ஐ.சி. பணம் யார் பணம்? மாதா மாதம் பிரீமியம் கட்டுகிற உன் பணம், என் பணம்! திரையில் “பிடிக்காதே” என்று உபதேசம். பின்கட்டில் லாப ஈவு. வருஷத்துக்கு 13 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் சாகிற நாட்டில் இந்தக் கபட நாடகத்துக்கு யார் எச்சரிக்கை வரி போடுவது?

நம் ஊருக்கு வருவோம். நுரையீரலைப் பஞ்சோடு ஒப்பிட்டு ஒரு எச்சரிக்கைப் படம் காட்டினார்களே, திண்டுக்கல், வேடசந்தூர் மில் தொழிலாளிக்கு அது புரியாமலா போகும்? அவன் நுரையீரலில் நிஜப் பஞ்சே இருக்கிறது! மில்லுக்குள் பீடி, தீப்பெட்டி ஆகாது. பஞ்சு பற்றிக்கொள்ளும், சரக்கு சேதமாகும். சரி. ஆனால் கார்டிங்கிலும் புளோரூமிலும் பறக்கிற தூசுக்கு என்ன தடை? பைசினோசிஸ் என்ற அந்த நெஞ்சடைப்பைத் தொழில் நோய் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தூசோடு புகையும் சேர்ந்தால் நோய் இன்னும் முற்றும். அப்படியிருக்க, மூச்சு வாங்கி நிற்கிறவனைப் பார்த்து “பீடி குடிச்சியா?” என்று கேட்டே கேசை முடிக்கப் பார்க்கிறது நிர்வாகம். ஆகவே தோழர்களே, பீடியை விடுவது முதலாளியின் சாக்கைப் பிடுங்குவதாகும்.

வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். பனி ஈரத்தோடு இலையைத் தொட்டால் நிகோடின் தோல் வழியே ஏறுகிறது. தலை சுற்றல், குமட்டல், வாந்தி. ஒரு பீடியும் தொடாத பெண்ணுக்கும் இது வரும். அவளுக்காக எந்தக் கொட்டகையில் 30 வினாடி ஒதுக்கினார்கள்?

இனி எண்ணுகிற விதம். கலிபோர்னியாவில் 1990-களிலிருந்து இளைஞர்கள் கொட்டகையில் உட்கார்ந்து எண்ணி வந்திருக்கிறார்கள். புகையிலை திரையில் தோன்றினால் ஒன்று. மறைந்து மறுபடி வந்தால் இன்னொன்று. வருஷா வருஷம் கணக்கை வெளியிட்டுப் படக் கம்பெனிகளைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றினார்கள். சொந்தச் செலவில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

நாம் இன்னும் சில கட்டம் சேர்ப்போம். ஊதுகிறவன் நாயகனா, வில்லனா, கூலிக்காரனா? சிகரெட்டா, பீடியா? 2016-17-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி இந்த நாட்டில் சிகரெட்டை விடப் பீடி பிடிக்கிறவர்களே அதிகம். படத்தில் எது அதிகம் வருகிறது, எதைப் பிடிக்கிறவன் ஜெயிக்கிறான் என்று பாருங்கள். பாக்கெட்டில் மார்க் தெரிகிறதா? தயாரிப்பாளர் யார்? கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கிளைக்கு ஒருவர், மாதம் இரண்டு படம். நோட்டைச் சங்க வாசகசாலையில் மேஜை மேல் வையுங்கள், பெண் தோழர்களுக்கும் தனி நோட்டு உண்டு.