சுவருக்குள் மறைந்திருப்பவை



அண்மையில் நம் அன்பர் ஒருவரின் புதிய வீட்டிற்குச் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் ஒவ்வோர் அறையாகக் காட்டிவிட்டு, இறுதியில் குளியலறைக்கு அழைத்துச் சென்றார். வழுவழுப்பான டைல்ஸ், பளபளக்கும் ஷவர், சுவரில் கீசர். குறை சொல்ல இடமில்லை. அப்போது அவருடைய மருமகள் தயங்கியவாறே, "சாமி, கீசர் போட்டிருக்கும்போது குழாயைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது. இப்போது பழகிவிட்டது" என்றார். 'பழகிவிட்டது' என்ற அச்சொல் நம்மைத் திடுக்கிடச் செய்தது.

உடனே கீசரை அணைக்கச் சொல்லி, தேர்ந்த மின்பணியாளர் ஒருவரை வரவழைத்தோம். பிளக் பாயின்டில் எர்த் கம்பி வந்து சேரவேண்டிய பெரிய துளை, வெறும் துளையாகவே இருந்தது! கீசரின் உள்ளே பழுதாகிக் கசிந்த மின்சாரம், மண்ணுக்குள் இறங்க வேறு வழியின்றித் தொட்டவரின் உடலையே வழியாக்கிக்கொண்டது. டைல்சுக்குத் தாராளமாகச் செலவிட்ட வீட்டில், சில மீட்டர் கம்பி விடுபட்டுப்போயிற்று.

வீட்டில் ஷவர் அமைக்க எண்ணுவோர் முதலில் தண்ணீரைப் பற்றிச் சிந்திப்பது நலம். தொட்டியின் கொள்ளளவன்று, அதன் உயரமே ஷவரின் வேகத்தை முடிவு செய்கிறது. 10 மீட்டர் உயரத்திற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தரையிலேயே தொட்டியை வைத்தால், மேல்மாடிக் குளியலறைக்கு அதில் பத்தில் ஒரு பங்களவே கிட்டும். ஷவர் சொட்டத்தான் செய்யும். தொட்டியை உயர்த்திக் கட்டுவதும், இறங்கு குழாயைப் பெரிதாக்கி வளைவுகளைக் குறைப்பதும் பயன் தரும். வெந்நீரில் சாதாரண பி.வி.சி. குழாய் இளகிவிடும், சி.பி.வி.சி. குழாயே ஏற்றது. கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று அதை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். கலன் வெடிக்கவும் கூடும்.

அடுத்து மின்சாரம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் ஆயின் 13 ஆம்பியர். ஆகவே விளக்குக் கம்பியிலிருந்து கிளை எடுக்காமல், மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பாயின்டும் அமையுங்கள். சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டும் பழைய வழக்கம் வேண்டாம்.

"எம்.சி.பி. இருக்கிறதே!" எனலாம். அது கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே உயிரைப் பறிக்கப் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதற்கு அசையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, கசிவு கண்டவுடன் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அந்த வீட்டில் இப்போது புதிய எர்த் கம்பி, டைல்சின் மேலாக வெள்ளைக் குழாய் ஒன்றினுள் செல்கிறது. அழகு கெட்டதென்று வீட்டுத் தலைவருக்குச் சிறு மனக்குறை. மருமகளோ அச்சமின்றிக் குழாயைத் திருகுகிறார். டைல்ஸ் பதிக்குமுன் ஒரு நாள் பொறுத்து, குழாயில் தண்ணீர் விட்டுக் கசிவையும், மீட்டர் வைத்து எர்த்தையும் சோதிக்கச் சொல்லியிருந்தால், அந்த மனக்குறைக்கும் இடமிருந்திராது. வீடு கட்டுவோரே, அந்த ஒரு நாளைக் கேட்டுப் பெறுங்கள். எந்த வீட்டிலேனும் விரல் சுரீரென்றால், பழகிக்கொள்ளாதீர்கள்.