படத்துக்கும் பின்பக்கம் உண்டு

புதுசா ஒரு போட்டோ மென்பொருளை கம்ப்யூட்டர்ல நிறுவினதும் நம்மாட்கள் முதல்ல என்ன செய்வாங்க? ஏதாவது ஒரு படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டுவாங்க. அடுத்து சிவந்த கண்ணைச் சரி பண்ணுவாங்க. அப்புறம் ஒண்ணைக் கறுப்பு வெள்ளையா மாத்தி, "அந்தக் காலத்துப் படம் மாதிரியே இருக்கு பாரு"ன்னு வீட்டுல இருக்கிறவங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. அதோட சரி. மிச்சம் பன்னிரண்டாயிரம் படம் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'கேமரா பழசு'ன்னு கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். படத்தைத் திருத்துவதை விட அடுக்குவது முக்கியம். அடுக்குவதை விட, படத்துல இருப்பது யாருன்னு எழுதி வைப்பது முக்கியம். அதையும் மென்பொருளோட கணக்குப் புத்தகத்துல எழுதாம, படத்துக்குள்ளேயே எழுதணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு கேக்கறீங்களா? எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில ரெண்டு பழைய போட்டோ இருக்கு. ஒண்ணோட பின்பக்கத்துல நீல மசியில வருஷம், மாசம், யார் காதுகுத்து, எந்த ஊர், இடமிருந்து வலமா யார் யார்னு பதினோரு பேர் இருக்கு. எழுதின தாத்தா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. ஆனா எழுத்து இருக்கு. இன்னொண்ணு ஸ்டுடியோவுல எடுத்தது, அருமையான படம், கோடு கூட விழலை. தாத்தா பக்கத்துல ஒரு பொம்பளை நிக்கிறாங்க. பின்பக்கம் வெறுமை. அத்தையைக் கேட்டா, "தெரியலையேப்பா, அப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு"ங்கறாங்க. முகம் பளிச்சுன்னு இருக்கு, ஆள்தான் தொலைஞ்சு போயாச்சு. எந்த மென்பொருளாலயும் அவங்களை இனி மீட்க முடியாது.

டிஜிட்டல் படத்துக்குப் பின்பக்கமே கிடையாதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. இருக்கு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கேமரா, போன்ல இடம் காட்டும் வசதி போட்டிருந்தா எந்த இடம், இதெல்லாம் எக்ஸிஃப் என்ற பகுதியில கேமராவே எழுதிடும். தலைப்பு, குறிப்பு, குறிச்சொல் எழுத ஐபிடிசி இருக்கு. அடோபி 2001-ல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி இருக்கு. ஜேபெக் கோப்புக்கு உள்ளேயே இதெல்லாம் உட்கார்ந்துக்கும். படம் எங்கே போனாலும் கூடவே போகும். தாத்தா மசியில எழுதின அதே இடம்தான் இது.

சிக்கல் எங்கே வருதுன்னா, நாம எழுதுறதை எல்லா மென்பொருளும் அங்கே எழுதுறதில்லை.

பிக்காசாவை மறந்திருக்க மாட்டீங்க. கூகுள் 2004-ல் வாங்கி இலவசமா கொடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல எந்த மூலையில படம் இருந்தாலும் தேடி எடுத்து வருஷவாரியா அடுக்கிக் காட்டும். அதுக்கு முன்னாடி அப்படி ஒரு சுகத்தை நாம பார்த்ததில்லை. 2009-ல் முகத்தை அடையாளம் காணும் வசதியும் வந்தது. ஜனங்க ராத்திரி பகலா உட்கார்ந்து மாமா, சித்தி, ஒண்ணுவிட்ட தம்பின்னு பேர் கொடுத்தாங்க. 2016 மார்ச்சோட பிக்காசாவுக்கு மூடுவிழா நடந்தது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. பிக்காசாவுல படத்துக்குக் கீழே எழுதின குறிப்பு ஜேபெக் கோப்புக்கு உள்ளேயே பதிவானது. அது இன்னிக்கும் வேற மென்பொருள்ல தெரியும். ஆனா போட்ட நட்சத்திரமும் செஞ்ச திருத்தமும் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் இருந்த குட்டி 'ஐஎன்ஐ' கோப்புக்குப் போச்சு. "இது என்னடா குப்பை"ன்னு அதை அழிச்சவங்க, ஃபோல்டரை விட்டுட்டு படத்தை மட்டும் வேற டிஸ்க்குக்கு மாத்தினவங்க, எல்லாருக்கும் அந்த உழைப்பு போச்சு. ஒரே ஆள், ஒரே மென்பொருள்ல, ஒரே நாள்ல செஞ்ச வேலை. படத்துக்குள்ளே எழுதினது பிழைச்சுது, வெளியே எழுதினது போச்சு.

காசு கொடுத்து வாங்கும் லைட்ரூம் கிளாசிக்கும் இதே கதைதான். திருத்தம், குறிச்சொல் எல்லாம் 'கேட்டலாக்' என்ற தனிக் கோப்புல இருக்கும். நாமா 'சேவ் மெட்டாடேட்டா' கொடுத்தா, இல்லை தானா எழுதச் சொல்லி அமைப்புல டிக் பண்ணி வச்சாத்தான் அது படத்துப் பக்கம் வரும். இலவசமா கிடைக்கும் டிஜிகாம்லயும் படத்துக்குள்ளே எழுதச் சொல்லும் அமைப்பு இருக்கு. எதை வேணா வச்சுக்கங்க, சண்டையில்லை. முதல் நாளே அந்த ஒரு அமைப்பைத் தேடிப் பார்த்துட்டு வேலையை ஆரம்பிங்க.

"அட போய்யா, கூகுள் போட்டோஸ்ல 'பீச்'னு தேடினா பீச் படமெல்லாம் வந்து நிக்குது, எதுக்கு இந்த வேலை?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. தேடித் தருவதுல அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா கடல் எதுன்னு தெரிஞ்ச மிஷினுக்கு, அலைக்குப் பயந்து ஓரமா நிக்கிறது துபாய் போறதுக்கு முந்தின நாள் நின்ன சித்தப்பான்னு தெரியுமா? அதை நாமதான் சொல்லணும். அப்படி அங்கே எழுதின குறிப்பும், மொத்தமா படங்களை இறக்கும்போது படத்துக்குள்ளே இல்லாம பக்கத்துல தனி ஜேஸான் கோப்பா வருது. போதாததுக்கு, 2015-ல் கணக்கில்லாம இலவசம்னு ஆரம்பிச்ச இடம், 2021 ஜூன்ல இருந்து 15 ஜிபிக்கு மேல காசுன்னு ஆயிடுச்சு. அவங்களைக் குத்தம் சொல்லலை. அது அவங்க வியாபாரம். நம்ம வீட்டுச் சொத்தை அடுத்தவன் வீட்டுல வைக்கும்போது, பேரை எழுதித்தானே வைக்கணும்?

சரி, எப்படித்தான் அடுக்கறது? பெரிய வித்தை ஒண்ணுமில்லை.

ஃபோல்டருக்குப் பேர் வைக்கும்போது வருஷம், மாசம், தேதி, அப்புறம் விசேஷம். '2009-01-15 மாட்டுப்பொங்கல்'னு வச்சா கம்ப்யூட்டர் தானாவே வரிசைப்படுத்திடும். 'பொங்கல் 15-1-09'னு வச்சா சிதறும். கேமரா கொடுத்த நம்பரை நம்பாதீங்க. 9999 தாண்டினா திரும்ப 0001-லிருந்து ஆரம்பிக்கும். ரெண்டு படத்துக்கு ஒரே பேர் வரும், ஒண்ணு மேல ஒண்ணு விழும்.

அடுத்து கழிக்கணும். முப்பத்தாறு படம் எடுத்த ஃபிலிம் ரோல் காலத்துல ஒவ்வொரு க்ளிக்கும் காசு. இப்ப ஒரு காதுகுத்துக்கு எண்ணூறு படம். அதுல கண் மூடினது, ஆடினது, ஒரே இலையை ஏழு தரம் எடுத்தது எல்லாம் போகட்டும். எல்லாத்தையும் வச்சிருக்கிறவன் எதையும் திரும்பிப் பாக்கறதில்லை.

திருத்தம் கடைசி. மூலப் படத்தை அப்படியே விட்டுட்டு பிரதியில கை வைங்க. ஜேபெக்கைத் திருத்தி சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் படத்தோட தரம் கொஞ்சம் குறையும். அப்புறம் தயவு பண்ணி அப்பத்தா முகத்தை வெளுப்பாக்காதீங்க. வெயில்ல வேலை செஞ்ச முகம் அது. அவங்களை அப்படியே பேரப்பிள்ளைங்க பாக்கட்டும்.

வாட்ஸப்ல சாதாரண படமா வந்ததை மூலம்னு நம்பி சேர்த்து வைக்காதீங்க. அளவும் குறைஞ்சிருக்கும், எடுத்த தேதியும் உதிர்ந்திருக்கும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லி வாங்கிக்கங்க.

குறிப்பை யூனிகோடுல எழுதுங்க. பழைய எழுத்துரு முறைகள்ல எழுதினதெல்லாம் அந்த ஃபாண்ட் இல்லாத மிஷின்ல என்ன லட்சணத்துல தெரிஞ்சதுன்னு இ-கலப்பைக்கு முந்தின காலத்து ஆட்களுக்குத் தெரியும் :-)

கடைசியா நகல். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கின 3-2-1 கணக்கு சுலபமா மனசுல நிக்கும். மூணு பிரதி, ரெண்டு விதமான இடம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. தங்கச்சி வீட்டு பீரோவுல ஒரு ஹார்ட் டிஸ்க் கிடந்தாலும் போதும்.

இத்தனையிலயும் ஒண்ணைத்தான் செய்ய முடியும்னா எதைச் செய்யலாம்? ஃபோல்டரை விடுங்க, எடிட்டை விடுங்க, நகலைக் கூட அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல வயசுல மூத்தவங்க பக்கத்துல லேப்டாப்பை வச்சுக்கிட்டு உட்காருங்க. ஸ்கேன் பண்ணின பழைய படங்களைத் திறந்து "இது யாரு?"ன்னு கேட்டுக் கேட்டு எழுதுங்க. ஒரு பேருக்குப் பின்னாடி அரை மணி நேரக் கதை வரும், இருபது படத்துக்கு மேல தாண்டாது. பரவாயில்லை. டிஸ்க் போனா வேற டிஸ்க் வாங்கிக்கலாம். அந்தப் பேரெல்லாம் தெரிஞ்ச ஆள் அவங்க ஒருத்தர்தான்.