செசார் எத்தனை கோல் அடிச்சவர்?

எங்கட பெடியளிடம் ஒரு உதைபந்தாட்ட வீரரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "எத்தனை கோல் அடிச்சவர்?" ஆள் பின்கள வீரர் என்றால் அதோடு கதை முடிந்துவிடும். அந்தக் கேள்வியே பிழை என்கிறேன் நான். அதற்குச் சாட்சியாக உங்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒருவரைக் கூப்பிடுகிறேன்: பொஷ்ட்யன் செசார்.

1982ல் லுப்லியானாவில் பிறந்தவர். அப்போது அந்த நகரம் யூகோஸ்லாவியாவில் இருந்தது. 1991ல் ஸ்லோவேனியா தனிநாடாகியபோது அவருக்கு எட்டு வயது. சுமார் இருபது லட்சம் சனம் உள்ள அந்தச் சின்ன நாட்டுக்காக 2003 முதல் 2018 வரை 101 ஆட்டங்கள் ஆடினார். நூறைத் தொட்ட முதல் ஸ்லோவேனியர் அவர்தான். அடித்த கோல்கள் 10. உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவரைப் பற்றி அந்தப் பத்து என்ன சொல்கிறது? ஒன்றும் இல்லை.

2009ஐப் பாருங்கள். அப்போது செசார் பிரான்சில் கிரெனோபிள் கழகத்தில் இருந்தார். அந்தப் பருவத்தின் முதல் 11 லீக் ஆட்டங்களிலும் கிரெனோபிள் தோற்றது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அந்த அணியின் பின்கள வீரர்களை ஒரேயடியாகக் கழித்துவிட்டிருப்பார். ஆனால் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அவருடைய நாட்டு அணி 10 குழு ஆட்டங்களில் விட்ட கோல்கள் வெறும் 4.

பிறகு ரஷ்யாவுடன் இரண்டு ஆட்டங்கள். மொஸ்கோவில் 2-1 என்று தோல்வி, மரிபோரில் 1-0 என்று வெற்றி. வெளியூரில் அடித்த கோலின் கணக்கில் ஸ்லோவேனியா உள்ளே போனது. மரிபோரில் கோல் அடித்தவர் ஸ்லாட்கோ டெடிச். அந்தப் புகழ் அவருக்கு உரியது, அதை நான் பறிக்கவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். மொஸ்கோவில் இன்னும் ஒரு கோல் விட்டிருந்தால் மொத்தம் 3-2, ரஷ்யா போயிருக்கும். விழாமல் தடுத்த அந்த மூன்றாவது கோல் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2010 உலகக் கிண்ணத்துக்கு வந்த நாடுகளில் சனத்தொகையில் மிகச் சிறிய நாடு அதனால்தான் தென்னாபிரிக்காவுக்குப் போனது.

"கோல் அடிக்காமல் வெல்ல ஏலாது" என்பீர்கள். சரி. ஆனால் 1-0 என்பதில் இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. நாங்கள் ஒன்றை மட்டும்தான் கொண்டாடுகிறோம். முன்கள வீரர் ஒன்பது தரம் தவறவிட்டு ஒரு தரம் அடித்தால், அந்த ஒன்று வீடியோவாகச் சுற்றும். பின்கள வீரர் ஒன்பது தரம் தடுத்து ஒரு தரம் தவறவிட்டாலும் சுற்றுவது அந்த ஒன்றுதான். பலோன் டோர் விருது 1956ல் இருந்து கொடுக்கப்படுகிறது. அதைக் கடைசியாக வென்ற பின்கள வீரர் கன்னவாரோ, 2006ல்.

"செசார் என்ன பெரிய கழகத்திலா ஆடினார்?" என்றும் கேட்பீர்கள். மார்செய்யில் இருந்திருக்கிறார். ஆனால் அதிக காலம் இருந்தது இத்தாலியின் கியேவோவில், 2010 முதல் 2019 வரை. வெரோனா நகரத்தின் ஒரு சின்னப் பகுதியின் பெயர் கொண்ட கழகம் அது. பெரிய பணக்காரக் கழகங்கள் நிறைந்த முதல் பிரிவில் ஒவ்வொரு வருடமும் விழாமல் நிற்பதுதான் அப்போது அவர்களுக்குக் கிண்ணமாக இருந்தது. அப்படி நிற்கப் பின்களம் வேண்டும். அதில் 28 வயதில் வந்து 36 வயது வரை நின்றவரைச் 'சாதாரண ஆள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கட கோடைச் சுற்றுப்போட்டிகளிலும் இதே கூத்துத்தான். எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போ என்றால் தண்டனை கிடைத்த மாதிரி முகம் சுருங்கும். சிறந்த வீரர் கிண்ணமும் பெரும்பாலும் கோல் அடித்தவருக்குத்தான் போகிறது. பிறகு, நல்ல பின்கள வீரர் ஏன் எங்களிடம் இல்லை என்று கவலைப்படுகிறோம்!

கணக்குத்தான் கேட்க வேண்டும் என்றால் இப்படிக் கேளுங்கள்: இவரை நம்பி எத்தனை வருடம் பின்னால் நிறுத்தினார்கள்? செசாரின் பதில், பதினைந்து.