அடுப்பங்கரைக்குத் திரும்பி வரும் புகை

வாலாஜாபாத்துப் பக்கத்தில் ஆடிமாதக் காற்று எப்படி அடிக்கும் என்பதைப் பாலாற்றங்கரைக் குடித்தனக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கிலிருந்து வரும் காற்று, அகன்று கிடக்கும் மணற்பரப்பைத் தடையின்றிக் கடந்து நேரே ஊருக்குள் நுழைகிறது. அந்த மாதத்தில் புகைபோக்கி வைத்த வீடுகளிலும் புகை மேலே போகாமல் குழாய் வழியாகவே அடுப்பங்கரைக்குள் இறங்கி வருவதுண்டு. இரண்டு நாள் கண்ணெரிச்சலைப் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் குழாயின் அடியில் சாக்கைத் திணித்து அடைத்துவிடுகிறார்கள். காற்றுக்காலம் போன பின்னும் அந்தச் சாக்கு எடுக்கப்படுவதில்லை. புகைபோக்கி என்பதே வீண்செலவு என்ற அபிப்பிராயம் இவ்வாறுதான் கிராமங்களில் வேரூன்றியது. இது தவறான அபிப்பிராயம். குற்றம் புகைபோக்கியினுடையது அன்று. அதை வைத்த இடத்தினுடையது, வைத்த உயரத்தினுடையது, வைத்தபின் அதை மறந்துவிட்டவர்களுடையது.

எரிவாயு வந்துவிட்ட காலத்தில் விறகடுப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினாலும், அதற்கு முன்னும் பின்னும் வந்த உதவிகளாலும், உருளை இல்லாத வீடு இன்று குறைவு என்பது உண்மையே. ஆயினும் நிலமுள்ள வீட்டில் எரிவாயுவில் வேகிறது குழம்பும் காப்பியும் மட்டுமே. நெல் புழுக்குவதும், மாட்டுக்குத் தீனி வேகவைப்பதும், வெந்நீர் போடுவதும், நடவுக்கும் அறுப்புக்கும் வந்த ஆட்களுக்குச் சோறாக்குவதும் சவுக்கு விறகிலும் வேலிக்காத்தான் கட்டையிலும் மிலாரிலும்தான் நடக்கின்றன. அந்த அடுப்பின் முன் குந்தியிருப்பவர்கள் வீட்டு ஸ்திரீகளும் கூலிக்கு வந்த ஸ்திரீகளுமே. சபையில் அவர்கள் பேசுவதில்லையாதலால் இவ்விஷயம் சபைக்கு வருவதில்லை.

புகை மேலே ஏறுவது ஏன் என்பதை அறிந்தால் அது கீழே வருவது ஏன் என்பதும் விளங்கும். சூடான காற்று இலேசானது, வெளிக்காற்று கனமானது. இந்த வித்தியாசமே புகையை உந்தித் தள்ளுகிறது. ஆனால் அந்த உந்து சக்தி மிக அற்பம். 10 அடி உயரமுள்ள குழாயில் உள்ளே 150 டிகிரி சென்டிகிரேடும் வெளியே 30 டிகிரியும் உஷ்ணமிருந்தால், உண்டாகும் அழுத்த வித்தியாசம் தண்ணீர் மட்டத்தை 1 மில்லிமீட்டர் உயர்த்தக்கூடிய அளவேயாகும். மணிக்கு 20 மைல் வேகத்தில் வரும் காற்று ஒரு சுவரிலோ கூரையிலோ மோதி நிற்குமிடத்தில் 4, 5 மில்லிமீட்டர் அளவு அழுத்தும். ஒரு பங்கு பலமுள்ளவனை நான்கு பங்கு பலமுள்ளவன் எதிர்த்துத் தள்ளினால் யார் பின்வாங்குவார் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே காற்று அழுத்துகிற இடத்திற்கு மேலே குழாயின் வாயைக் கொண்டு போவது ஒன்றே வழி. அடுப்பின் உருவத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

இந்த ஜில்லாவின் வீடுகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். அடுப்பங்கரையை அக்கினி மூலையாகிய தென்கிழக்கில் வைப்பது முறை. மேற்குப் பார்த்த ஓட்டு வீட்டில் அது பின்கட்டில், முகட்டிற்குக் கிழக்கே சரிந்த கூரையின்கீழ் அமைகிறது. ஆடிக்காற்று முகட்டைத் தாண்டியதும் மறுபுறச் சரிவில் சுழன்று கீழே விழுகிறது. அணையைத் தாண்டிய தண்ணீர் சுழித்து விழுவதைப் போல. குழாயின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால் புகை திரும்பாமல் என்ன செய்யும்? செலவைக் குறைக்க எண்ணிக் கொத்தனார் ஓட்டிற்கு மேல் ஒரு சாண் நீட்டி நிறுத்திவிடுகிறார். குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திற்கு மேல் குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்திற்குள் உள்ள கூரை எதுவாயினும் அதற்கு மேல் 2 அடியும் இருக்கவேண்டும் என்பது பல தேசங்களிலும் கையாளப்படும் கணக்கு. முகடு அருகிலிருந்தால் முகட்டையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் நன்றாக இழுத்த புகைபோக்கி திடீரென்று கெட்டுப் போனதாகச் சொல்லும் வீடுகளில் அண்டை வீட்டைப் பார்த்தால் காரணம் தெரியும்: அங்கே புதிதாக மாடி எழும்பியிருக்கும், அல்லது வேப்பமரம் தலைக்குமேல் வளர்ந்திருக்கும்.

சன்னல், கதவு விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிடப் பொதுவானது. தீ அலைகிறதென்று காற்றடிக்கும் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு, வெளிச்சத்திற்காக எதிர்ப்புறக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். அந்தக் கதவுப் பக்கத்தில் வெளிக்காற்று அறைக்காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சப்பட்ட காற்றிற்கு ஈடாகக் குழாய் வழியே காற்று இறங்குகிறது. அதனுடன் புகையும் இறங்குகிறது. மாற்றிச் செய்தால் போதும். காற்று வரும் பக்கத்தில் தீயின்மேல் நேரே படாதபடி உயரத்தில் ஒரு சிறு வழி விட்டு, எதிர்ப்பக்கக் கதவைச் சாத்தினால் அறைக்காற்றே புகையை மேலே தள்ளும். இதற்குக் காசு செலவில்லை. எல்லாவற்றையும் இறுகச் சாத்துவதும் கூடாது. உள்ளே வரக் காற்றில்லாவிட்டால் வெளியே போகவும் புகைக்கு வழியில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785ஆம் ஆண்டில் புகையும் கணப்புகளைப் பற்றி எழுதியபோது முதற்காரணமாகச் சொன்னது இதையே: இடுக்கில்லாமல் இழைத்துக் கட்டிய புதுவீடுகளில் புகைபோக்கிக்குக் காற்றுப் போதவில்லை என்றார். நாட்டு ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டபின் புகை அதிகமாயிற்று என்று இங்கே சொல்லுகிறவர்களும் அதே காரணத்தையே அறியாமற் சொல்லுகிறார்கள்.

குழாயின் அகலமும் பொருளும் கவனிக்கத்தக்கவை. உள்வாய் 4 அங்குலத்திற்குக் குறைந்த குழாய் கரி படிந்து விரைவில் அடைபடும். மலிவாகக் கிடைக்கிறதென்று கல்நார் சிமெண்டுக் குழாயை வாங்கி அறுப்பதும் உடைப்பதும் அபாயம். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்குவது. குயவர் சுடும் மண்குழாய் இதற்கு மிகவும் உகந்தது. சூட்டையும் காத்து வைக்கும். குழாயைச் சுவருக்கு வெளியே நிறுத்துவது பார்வைக்கு அழகாயிருக்கலாம். மார்கழி விடியலில் அது குளிர்ந்து கிடந்து அடுப்பு மூட்டும்போது புகையை ஏற்காது. அப்படிப்பட்ட குழாயின் அடியில் முதலில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திச் சூடேற்றிய பிறகே விறகில் தீ வைக்கவேண்டும். ஓலை, விழல் வேய்ந்த கூரையில் மட்டும் தீப்பொறிப் பயத்தினால் வெளிச்சுவர் வழியே விடவேண்டியதாகும். வாயில் மழை புகாமலிருக்கத் தொப்பி வைப்பவர்கள், வாய்க்கும் தொப்பிக்கும் இடையே குழாயின் அகலத்தளவு இடம் விடவேண்டும். ஓட்டைப் பானையைக் கவிழ்ப்பது அடைப்பதற்குச் சமம்.

கொடியடுப்பில் பானை வாய்க்குப் பொருந்தாதபோதும் புகை கசியும். பச்சை விறகு பாதி தண்ணீர். அதை எரிப்பவர் தம் தீயைக் கொண்டு முதலில் தண்ணீரைக் காய்ச்சுகிறார். பிளந்து, மழைபடாத தாழ்வாரத்தில் அடுக்கி ஒரு கோடை காய்ந்த விறகு புகையில் பாதியைத் தானே குறைத்துவிடும்.

புகை போய்விட்டால் கூரையில் செல்லும் பூச்சியும் சேரும், அடுப்பின்மேல் கட்டித் தொங்கவிட்ட விதைகள் கெடும் என்று பெரியவர்கள் சொல்லுவது வெறும் பேச்சல்ல. புகைபட்ட ஓலை அதிக நாள் நிற்பது அனுபவத்தில் கண்டதே. ஆனால் அந்தச் சில வருஷ ஓலையை எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்பதையும் கணக்கிட வேண்டும். விறகுப் புகை நாட்பட்ட இருமலுக்கும் நுரையீரல் நோய்க்கும் கண்புரைக்கும் குழந்தைகளின் மார்ச்சளிக்கும் காரணமாவது ஆராய்ச்சிகளில் உறுதிப்பட்டது. விதையைக் காக்கச் சாம்பலும் வேப்பிலையும் உண்டு. கண்ணுக்கு அவ்வித மாற்று ஏதுமில்லை. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடுகளில் பட்டில் கரி படிகிறதென்றால் உடனே கவனிக்கிறார்கள். நெஞ்சில் படிவது கண்ணுக்குத் தெரியாததால் கவனிப்பாரில்லை.

இனி அதிகாரிகளுக்குரிய விஷயம். புகையில்லா அடுப்பு இந்நாட்டிற்குப் புதிதன்று. வார்தாவின் மகன்வாடியில் தோன்றிய மகன் சூளாவும், ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு 1950ஆம் ஆண்டுகளில் பரப்பிய ஹெர்ல் சூளாவும் நல்ல அடுப்புகளே. 1983ஆம் ஆண்டளவில் மத்திய சர்க்கார் தேசிய அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, 2002இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைப் போட்டதாகக் கணக்குக் காட்டிற்று. போட்டவற்றைத்தான் எண்ணினார்கள், எரிந்தவற்றை எண்ணவில்லை. பின்னர் ஒரிஸ்ஸாவில் டுப்ளோ, கிரீன்ஸ்டோன், ஹன்னா என்னும் பொருளாதார நிபுணர்கள் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் வேலை செய்பவர் யாவரும் மனத்திற்கொள்ளத் தக்கது: முதல் வருஷத்தில் ஸ்திரீகள் சுவாசித்த புகை குறைந்தது, அதன்பின் அந்த நன்மை காணப்படவில்லை. அடுப்பை ஒழுங்காக உபயோகிக்கவுமில்லை, பழுது பார்க்கவுமில்லை என்பதே காரணம். குழாயை மாதம் ஒரு முறையாவது தேங்காய்நார்க் கட்டை மூங்கிலில் கட்டித் துடைக்காவிட்டால் எந்த நிபுணர் வகுத்த அடுப்பும் ஒரு வருஷத்தில் பழைய அடுப்பாகிவிடும். துடைக்கும் வேலையைச் சமைப்பவர் தலையிலேயே கட்டுவது நியாயமன்று. கூரைமேல் ஏறவேண்டிய வேலை வீட்டு ஆண்மக்களுடையது.

ஆகையால் எந்தத் திட்டத்தின்கீழ் அடுப்புக்குப் பணம் கொடுத்தாலும், அடுப்பு கட்டிய அன்றே முழுத்தொகையையும் கொடுத்துக் கணக்கை மூடக்கூடாது. பாதியை நிறுத்திவைத்து, ஆடியில் ஒரு நாளும் கார்த்திகையில் ஒரு நாளும் அடுப்பு எரியும்போது நேரில் பார்த்து, சமைக்கும் அம்மாளைக் கேட்டறிந்த பின்பே மீதியைக் கொடுக்கவேண்டும். தென்மேற்குக் காற்றிலும் வடகிழக்குக் காற்றிலும் தேறிய குழாயே தேறிய குழாய். சித்திரை மாதத்துக் காற்றில்லாத நடுப்பகலில் போய்ப் பார்த்து நன்றாயிருக்கிறதென்று எழுதுவதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

நிலக்காரருக்கு இதில் தனி லாபமொன்றும் உண்டு. புகையைக் கண்டு பயந்து நல்ல விறகை ஒதுக்கி, மெதுவாக எரியுமென்று வறட்டி தட்டும் வீடுகள் பல. இந்திய விவசாயத்தைப் பார்வையிட 1889இல் வந்த டாக்டர் வோல்கர் 1893இல் வெளியிட்ட அறிக்கையில், சாணம் அடுப்புக்குப் போவதைத் தடுக்க விறகுக்கென்று தோப்புகள் வேண்டுமென்று வற்புறுத்தினார். வரப்போரத்துச் சவுக்கு நான்கு வருஷத்தில் அடுப்புக்கு வந்துவிடும். சாணம் எருக்குழிக்குத் திரும்பும்.

மண்குழாய்க்குக் குயவரிடம் சொல்லிவைக்க வேண்டிய காலம் பங்குனியும் சித்திரையும் ஆகும். வைகாசிக்குள் சுட்டு எடுத்த குழாய் ஆனியில் நிறுத்தப்பட்டு மண்பூச்சுக் காய்ந்தால், ஆடிக்காற்றுக்கு முன் ஒரு முறை எரித்துப் பார்க்க அவகாசமிருக்கும்.